பேருக்கு

ரூஸ்வெல்ட் அவென்யூ, ரயில் பாலத்துக்குக் கீழே
செல்போன் உறை விற்பவனிடம் அட்டையும் கிடைக்கும்.
படம் மட்டும் உன்னுடையது.
வில்மர் ஒகாசியோ, பிறந்தது போர்ட்டோ ரிக்கோ:
அவன் எடுத்தது இதை.
வாடகைக்கு. வெள்ளிதோறும் சம்பளத்தில் பத்துக்கு ஒன்று
எங்கோ இருக்கும் அசல் வில்மருக்குப் போகும்.
உழைத்துப் பேர் வாங்கியவர்கள் உண்டு.
பேர் வாங்கியதற்காக உழைத்தவன் இவன்.

தளத்தில் நாங்கள் பத்தொன்பது பேர்.
பதிவேட்டில் பதினொரு பேர்.
ஆய்வாளர் வரும் நாளில் என்னோடு சேர்த்து மிச்சம் எட்டுப் பேர்
அடுத்த தெரு சலவைக்கடையில் உட்கார்ந்து
யார் யாருடைய துணியோ சுழல்வதைப்
பார்த்துக்கொண்டிருப்போம்.

பேருக்கு ஒரு கயிறு இருந்தது.
கொக்கி மாட்டத்தான் இடமில்லை.

மார்ச், செவ்வாய்க்கிழமை.
இரவுப் பனி உருகிப் பலகையெல்லாம் ஈரம்.
மூன்றாம் மாடியில் ஜன்னல் சட்டத்துக்கு அளவெடுக்கப் போனான்.
சத்தம் கேட்டபோது
யாரோ சிமெண்ட் மூட்டையைத் தவறவிட்டதாக நினைத்தேன்.
திட்டுவதற்கு வாயைக்கூடத் திறந்துவிட்டேன்.

மேஸ்திரி லாட்டாரோ ஓடி வந்தான்.
கான்யார்க்காரன், எங்கள் பக்கத்து ஊர்.
முதலில் தலைக்கவசத்தைக் கழற்றினான்,
பிறகு மஞ்சள் மேற்சட்டையை,
பிறகு இடுப்புப் பட்டையை ஆணிகளோடு.
அளவு டேப்பை மட்டும்
அவன் விரல்கள் விடவில்லை.

“காலைப் பிடி” என்றான் என்னிடம்.

ஏணியடியிலிருந்து பச்சை வேலிக்கதவு வரை
ஒன்பது தப்படி.
வேலிக்கு உள்ளே கிடந்தால் விபத்து.
வெளியே நடைபாதையில் கிடந்தால்
யாரோ ஒருவன் விழுந்து கிடக்கிறான், அவ்வளவுதான்.
ஒரு காலில் ஷூ நாடா அறுந்து
கொத்துவேலை நீல நூலால் கட்டியிருந்தான்.
இரட்டை முடிச்சு. அதையே பார்த்துக்கொண்டு நடந்தேன்.

ஆம்புலன்ஸில் வந்த பெண் கேட்டாள்: பேர்?
“தெரியாது. தெருவில் போனவன்” என்றான் லாட்டாரோ.
அவள் என்னைப் பார்த்தாள்.

வில்மர் என்று சொல்லியிருக்கலாம்.
சொன்னால் பில் அசல் வில்மருக்குப் போகும்,
பேரைத் திரும்ப வாங்கிக்கொள்வான்.
உண்மைப் பேரோ எனக்குத் தெரியாது.
பதினான்கு மாதம்
பக்கெட்டைக் கவிழ்த்துப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து
ஒரு முட்டையை நூலால் அறுத்துத் தின்றிருக்கிறோம்.
அவன் மொழி கிச்சே, என் அப்பாவின் மொழி கிச்வா;
கேட்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும்,
ஒரு சொல் ஒட்டாது.
பேரைக் கேட்டதில்லை.
கேட்காமலிருப்பதுதான் எங்களுக்குள் மரியாதை.

இரண்டு மணிக்கு அந்த ஜன்னலை மாட்டினோம்.
இம்மி பிசகாமல் பொருந்தியது.
அதன்மேல் எனக்கு வந்த கோபத்துக்கு
இன்றுவரை காரணம் சொல்லத் தெரியவில்லை.

ஞாயிறு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.
யாரைப் பார்க்க வேண்டும் என்றார்கள்.
“செவ்வாய்க்கிழமை” என்றேன்,
“நடைபாதையில் கிடந்தவர்.”

இடுப்பு வரை கட்டு.
மேசைமேல் பிளாஸ்டிக் பையில் டேப்.
முதல்முறையாகக் கேட்டேன்.
கதவைப் பார்த்துக்கொண்டே மெல்லச் சொன்னான்:
மக்காரியோ. மக்காரியோ சாக்லான்.
கொஞ்ச நேரம் கழித்து அவன் கேட்டான்:
“என் காலைப் பிடித்தது யார்?
குலுக்காமல் தூக்கினார்கள்.”

தெரியாது என்றேன்.
லாட்டாரோ சொன்னதைவிடச் சுலபமாக வந்தது எனக்கு.

திங்கட்கிழமை ஒரு புதுப் பையன் வந்தான்.
பதினெட்டு இருக்குமா, சந்தேகம்.
வில்மர் ஒகாசியோ என்று லாட்டாரோவிடம் ஒப்பித்தான்.
கேடு எதுவும் ஒட்டாத பேர், சும்மா இருக்குமா?
அதே தலைக்கவசம். பெரிதாக இருந்தது,
பட்டையை இரண்டு துளை இறுக்கிக்கொண்டான்.
டேப் இருக்கிறதா என்றான்.
என்னுடையதைக் கொடுத்தேன்.

மதியம், பக்கெட்டைக் கவிழ்த்துப்போட்டு
உன் பேர் என்ன என்று கேட்டேன்.

வில்மர் என்றான்.

அது தெரியும் என்றேன்.